அன்புக்கு அத்தாட்சி

ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றின் கமிட்டி அறை. மேஜையின் ஒரு பக்கம் டாக்டர்கள், சுகாதாரத் துறையின் பிரதிநிதி, சமூகத்தில் நல்ல பெயருள்ள ஓரிருவர். எதிரே இரண்டு பேர். ஒருவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை டயாலிஸிஸில் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் தன்னுடைய சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுக்க முன்வந்திருப்பவர். இருவருக்கும் ரத்த உறவு கிடையாது. கமிட்டி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இவர் ஏன் கொடுக்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்படி சட்டமே சொல்கிறது. 1994-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் உயிரோடிருக்கும்போது உறுப்பு கொடுக்க வேண்டுமானால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். பெறுபவர் மீதுள்ள அன்பினாலோ பற்றினாலோ, அல்லது வேறு ஏதாவது சிறப்புக் காரணத்தாலோ கொடுக்கலாம். காசுக்காகக் கொடுக்கக் கூடாது. கெட்ட நோக்கம் இருந்ததா என்று பார்க்கும் சட்டங்கள் நிறைய உண்டு. நல்ல நோக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் சட்டம் அபூர்வம். 2005-ல் தமிழ்நாடு அரசை எதிர்த்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: உண்மையான நோக்கத்தை நிலைநாட்டும் பொறுப்பு மனு கொடுத்தவர்களுக்கே உரியது.

அன்பை எப்படி நிலைநாட்டுவது? 2014-ல் வந்த விதிகள் ஒரு பட்டியல் தருகின்றன. இருவருக்கும் எப்படிப் பழக்கம், கொடுப்பவர் ஏன் கொடுக்க விரும்புகிறார், நடுவில் தரகர் யாராவது இருக்கிறாரா, இருவருடைய வருமானம் என்ன, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளின் ஆதாரம் எங்கே என்றெல்லாம் கேட்கப்படும். வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் கமிட்டியின் புருவம் உயரும். உறவுக்குச் சான்றாக இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய போட்டோக்களையும் காட்டலாம். விதிகளை எழுதிய அதிகாரியைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அவர் இடத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் இதைவிட நல்ல வழியைச் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம். ஒரு மனிதன் இன்னொருவனுக்கு நல்லது செய்யும்போது அதில் அவனுடைய சுயநலம் எவ்வளவு என்ற கேள்வியை மேற்கத்தியத் தத்துவ உலகம் 350 ஆண்டுகளுக்கு மேலாகக் கிளறிக்கொண்டிருக்கிறது. இன்னும் தீர்ந்தபாடில்லை. கமிட்டிக்கு ஒரு பிற்பகலில் தீர்ந்தாக வேண்டும்.

சந்தேகத்தைப் பலமாகக் கிளப்பியவர் இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ். 1588-ல் பிறந்தவர், 1651-ல் ‘லெவயதான்’ எழுதியவர். மனிதன் தானாக முன்வந்து செய்கிற எந்தக் காரியமும் தனக்கு ஏதோ ஒரு நன்மையை எதிர்பார்த்தே என்றார். அவரைப் பற்றி அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. லண்டனின் ஸ்ட்ராண்ட் வீதியில் உடல் தளர்ந்த ஒரு கிழவன் கை நீட்டினான். ஹாப்ஸ் பரிதாபப்பட்டு ஆறு பென்ஸ் எடுத்துப் போட்டார். கூட இருந்த பாதிரியார் விடவில்லை. ஏசுவின் கட்டளை இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பீர்களா என்று கேட்டார். செய்திருப்பேன் என்றார் ஹாப்ஸ். கிழவனின் நிலைமையைப் பார்த்து எனக்கு வேதனையாக இருந்தது, காசு போட்டேன், அவன் கஷ்டம் குறைந்தது, அதனால் என் வேதனையும் குறைந்தது.

சாமர்த்தியமான பதில். இதை வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள எந்தத் தியாகத்தையும் சுயநலம் என்று நிரூபித்துவிடலாம். மகனுக்குச் சிறுநீரகம் தருகிற தாயா? மகன் செத்தால் அவளால் தாங்க முடியாது, அதனால் தருகிறாள். முன்பின் தெரியாதவருக்கு ரத்தம் தருகிற மாணவனா? அவனுக்கு அதில் ஒரு திருப்தி. நாட்டுக்காகத் தூக்கு மேடை ஏறியவரா? புகழாசை. புகழே கிடைக்காமல் பெயர் தெரியாமல் செத்தவரா? மனசாட்சியின் உறுத்தலிலிருந்து விடுதலை. கல்லூரி விடுதிகளில் ராத்திரி இரண்டு மணிக்கு இந்த வாதத்தை முன்வைப்பவர் எப்போதும் ஜெயிப்பார். எதிராளி என்ன உதாரணம் சொன்னாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் ஆதாயத்தை அவரால் எடுத்துக் காட்ட முடியும்.

எப்போதும் ஜெயிக்கிறது என்பதுதான் அதன் கோளாறு. அதைத் தெளிவாகச் சொன்னவர் ஜோசப் பட்லர் என்ற பாதிரியார். 1726-ல் அச்சான அவருடைய பதினைந்து பிரசங்கங்களில் இந்த வாதத்தின் மூட்டுகள் கழற்றி வைக்கப்பட்டன. என் ஆசைகள் எல்லாம் என்னுடையவை என்பது உண்மை. அதனால் என் ஆசைகள் எல்லாம் என்னைப் பற்றியவை என்று ஆகிவிடாது. பசிக்கிறவன் விரும்புவது சோற்றை. சாப்பிட்ட பிறகு கிடைக்கும் சுகம், சோற்றின் மீது ஆசை முதலில் இருந்ததால் வருகிறது. கிழவனின் கஷ்டம் குறைந்ததைக் கண்டு ஹாப்ஸுக்கு நிம்மதி வந்தது என்றால், கிழவனின் கஷ்டம் குறைய வேண்டும் என்ற விருப்பம் அவருக்குள் முதலிலேயே இருந்திருக்க வேண்டும். கிழவன் எக்கேடு கெட்டால் என்ன என்று நினைக்கிறவனுக்கு ஆறு பென்ஸ் செலவில் நிம்மதி கிடைக்காது. ஆறு பென்ஸ் நஷ்டம்தான் மிஞ்சும். தன் வேதனை மட்டும்தான் பிரச்சினை என்றால், பேசாமல் வீதியின் எதிர்ப்பக்கம் போயிருக்கலாம். அது இலவசம்.

ஆக, எல்லாச் செயலும் சுயநலம் என்று சொல்கிறபோது சுயநலம் என்ற சொல்லின் அர்த்தம் காணாமல் போகிறது. சிறுநீரகம் கொடுக்கும் தாயும் அதை விற்றுக் கொடுக்கும் தரகரும் ஒரே தட்டில் நிற்பார்கள். இருவருக்கும் வித்தியாசம் உண்டு என்பது கமிட்டிக்குத் தெரியும், வாசலில் நிற்கும் காவலாளிக்கும் தெரியும்.

இங்கே இன்னொரு குழப்பமும் வழக்கமாகச் சேர்ந்துகொள்கிறது. மனிதர்கள் சுயநலமிகள் என்பது ஒரு சேதி. மனிதர்கள் சுயநலமிகளாக இருக்க வேண்டும் என்பது ஒரு கட்டளை. முதலாவது உண்மையானால் இரண்டாவது தேவையே இல்லை. கீழே விழு என்று கல்லுக்கு யாரும் உபதேசிப்பதில்லை. இந்தக் கட்டளையைப் பகிரங்கமாகப் போட்டவர் ஐன் ராண்ட். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, சுயநலத்தை ஒரு நற்பண்பாகவே உயர்த்தி 1964-ல் புத்தகம் போட்டவர். அவருடைய நாவல்கள் இந்திய ரயில் நிலையப் புத்தகக் கடைகளிலும் பிளாட்பாரங்களிலும் பல தலைமுறைகளாக விற்றுக்கொண்டிருக்கின்றன. எல்லோரும் சுயநலமாகத்தான் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதை அவருடைய இந்திய ரசிகர்கள் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. யாருமே ஒழுங்காகச் சுயநலமாக இல்லை, எல்லோரும் தங்களைப் பிறருக்குப் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அவருடைய புகார். 1991-க்குப் பிறகு இந்தியாவில் ஆதாயம் தேடுவது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல என்று ஆனபோது, மேற்கோளுக்கு ஆடம் ஸ்மித்தின் கசாப்புக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் வந்து நின்றார்கள். 1776-ல் அவர்களைப் பற்றி எழுதிய அதே ஸ்மித், அதற்கு 17 வருடம் முன்பே, மனிதன் எவ்வளவு சுயநலமியானாலும் பிறர் நன்மையில் அவனுக்கு இயல்பான அக்கறை உண்டு என்று வாதாடி ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தார். அதை யாரும் மேடையில் மேற்கோள் காட்டவில்லை.

ஐன் ராண்டின் கட்டளைக்கு இந்தியாவில் ஒரு சோதனைக்கூடம் ஏற்கெனவே இருந்தது. 1994-க்கு முன்னால் சிறுநீரகம் விற்பதைத் தடுக்க இங்கே தனிச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. பம்பாயிலும் பெங்களூரிலும் சென்னையிலும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து நோயாளிகள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயரே விழுந்தது. ஒருவருக்கு உயிர் வேண்டும், மற்றவருக்குப் பணம் வேண்டும், இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் லாபம். சுயநலத்தின் கணக்கில் இதைவிடச் சுத்தமான பேரம் இருக்க முடியாது என்று தோன்றியது.

கணக்குச் சரியா என்று பிறகு பார்த்தார்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-ல் சந்தித்து விசாரித்த ஒரு ஆய்வு, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. விற்றவர்களில் 96 சதவீதம் பேர் சொன்ன காரணம் கடன். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். விற்று சராசரியாக ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூன்று பேர் இன்னமும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். பிறருக்கு இதைச் சிபாரிசு செய்வீர்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேரின் பதில், மாட்டோம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு சட்டத்தைத் திரும்பப் படித்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. அன்பினால் கொடுப்பது உத்தமம், காசுக்குக் கொடுப்பது சுயநலம், ஆகவே தடை என்பது போல அதன் தோற்றம் இருக்கிறது. ஆனால் வில்லிவாக்கத்தில் விற்றவர்கள் எந்த அர்த்தத்தில் சுயநலமிகள்? கடன் குடும்பத்தின் கடன். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்காமலிருக்க, அடுப்பு எரிய, மகளைக் கட்டிக்கொடுக்க ஒருவர் தன் உடம்பைக் கீறிக்கொள்ளச் சம்மதிக்கிறார். காசு கைமாறியது என்பதைத் தவிர, இதில் தன்னலம் என்று சுட்டிக் காட்ட எதுவும் இல்லை. பார்க்கப் போனால் அவருக்குத் தன்னைப் பற்றிய அக்கறை கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் விற்றிருக்கவே மாட்டார்.

அப்படியானால் தடைக்கு உண்மையான நியாயம் வேறு. விற்பவரின் நோக்கம் அசுத்தமானது என்பதல்ல. பேரம் விற்பவருக்கு ஆதாயமானதல்ல. ஏழையின் சுயநலத்தை ஏழையின் கையிலிருந்தே காப்பாற்ற வந்த சட்டம் இது. அன்பு, பற்று என்ற சொற்கள் முகப்பில் தொங்கும் தோரணம். இதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் விவாதம் நேர்மையாக இருந்திருக்கும். எது தனக்கு நல்லது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேட்கவும் செய்கிறது. ஆழ்கடலிலும் சுரங்கத்திலும் காசுக்காக உடம்பைப் பணயம் வைக்க அனுமதிக்கிற அரசு, இங்கே மட்டும் ஏன் குறுக்கே நிற்கிறது? இரான் 1988 முதல் அரசின் மேற்பார்வையில் பணம் கொடுத்துச் சிறுநீரகம் பெற வழி செய்திருக்கிறது. அந்த வாதத்தைப் புறங்கையால் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் முதுகெலும்பு, விற்பவர் தன் நலனைத் தானே நன்றாக அறிவார் என்ற நம்பிக்கை. சென்னையின் 79 சதவீதம் அந்த நம்பிக்கையைத்தான் அசைக்கிறது. அவர்கள் யாரும் வெளியிலிருந்து தீர்ப்புச் சொன்னவர்கள் அல்லர். தாங்களே விற்றுப் பார்த்தவர்கள்.

சுயநலம் என்பது இந்த நிமிடத்தின் விருப்பமா, அல்லது ஒரு வாழ்க்கை முழுவதுக்குமான நன்மையா என்ற பழைய வித்தியாசம் இதில் ஒளிந்திருக்கிறது. பட்லரே அதைச் சொல்லியிருந்தார்: உலகத்தில் சுயநலம் அதிகம் என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள், உண்மையில் நிதானமான சுயநலம் போதுமான அளவுக்கு இல்லை என்பதே அவர் கட்சி. கோபத்தில் எதிரியின் வீட்டுக்குத் தீ வைத்து ஜெயிலுக்குப் போகிறவன் சுயநலமி அல்லன். சுயநலம் என்றால் என்ன என்று அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கேம்பிரிட்ஜின் ஹென்றி சிட்ஜ்விக் 1874-ல் எழுதிய அறவியல் நூலில் இந்த நிதானமான சுயநலத்தைப் பகுத்தறிவின் ஒரு முழு மார்க்கமாகவே ஏற்றுக்கொண்டார். எல்லோருடைய நன்மையையும் சமமாகப் பார்க்கும் மார்க்கம் இன்னொன்று. இரண்டும் மோதும்போது எதன் பக்கம் போவது என்று பகுத்தறிவால் நிரூபிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு முடித்தார். தத்துவவாதிகளில் இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.

இனி மேஜையின் முன்னால் வராதவர்களைப் பார்க்க வேண்டும். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், 2011-ல் வந்த திருத்தத்துக்குப் பின் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகள், இவர்கள் நெருங்கிய உறவினர்கள். இவர்கள் அன்பை நிரூபிக்க வேண்டியதில்லை. உறவை நிரூபித்தால் போதும். குடும்பத்துக்குள் அன்பு இருக்கும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இந்தியக் குடும்பத்தைப் பற்றி இந்தியச் சட்டம் வைத்திருக்கும் நல்லெண்ணம் மனதைத் தொடுகிறது.

எண்கள் அவ்வளவு நெகிழ்ச்சியானவை அல்ல. நாட்டில் உயிரோடிருப்பவர்களிடமிருந்து எடுத்துச் செய்யப்பட்ட உறுப்பு மாற்றுகளில், 1995 முதல் 2021 வரையிலான கணக்குப்படி, உறுப்பைப் பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். மனைவி கணவனுக்குத் தருகிறாள், தாய் மகனுக்குத் தருகிறாள். திரும்பி வருவது குறைவு. அவர் சம்பாதிக்கிறவர், அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பம் என்ன ஆகும் என்பது வழக்கமான விளக்கம். மருத்துவக் காரணங்களும் கொஞ்சம் உண்டு. ஆனால் அன்பு என்ற ஒன்று இவ்வளவு ஒருவழிப் பாதையாக ஓடும் என்று நம்புவதற்கு அசாத்தியமான நல்ல மனது வேண்டும்.

பிரகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுப் புறப்படுமுன் சொத்தை இரண்டு மனைவிகளுக்கும் பங்கிட முன்வருகிறார். செல்வத்தால் சாகாநிலை கிடைக்குமா என்று கேட்கிறாள் மைத்ரேயி. அவர் சொல்லும் பதிலில் ஒரு பகுதி, கணவன் கணவனுக்காகப் பிரியமானவன் அல்லன், ஆத்மாவுக்காகவே பிரியமானவன். மனைவியும் பிள்ளைகளும் செல்வமும் அப்படித்தான் என்று போகிறது. அவசரமாகப் படித்தால் ஹாப்ஸ் சமஸ்கிருதம் பேசுவது போல இருக்கும். அத்வைதிகள் அப்படிப் படிப்பதில்லை. அங்கே ஆத்மா என்பது இந்த உடம்புக்குள் அடைபட்ட ‘நான்’ அல்ல, எல்லோருக்குள்ளும் இருப்பது. தன்னை நேசிக்கிறவன் தன் எல்லை எது என்று முதலில் கேட்க வேண்டும் என்பது அந்த உபதேசத்தின் உள்ளடக்கம். வேதாந்தத்தில் அது விடுதலை. ஆனால் அடுப்படியில் அதே எல்லை அழிப்பு வேறு மாதிரி வேலை செய்கிறது: குடும்பத்தின் நன்மையே உன் நன்மை, உனக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. இந்த உபதேசம் பெரும்பாலும் ஒரு பாலாருக்கே செய்யப்படுகிறது.

இதை எண்களில் பிடித்துக் காட்டியவர் அமர்த்தியா சென். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944-ல், பின்னாளில் கார் தொழிற்சாலைத் தகராறால் பேர்பெற்ற அதே சிங்கூரில், கல்கத்தாவின் அகில இந்திய சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தாங்கள் நோயாளி அல்லது உடல்நிலை சுமார் என்று சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். உடல்நிலை சுமார் என்ற பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆண்கள் 45.6 சதவீதம், பெண்கள் பூஜ்யம். அந்தக் காலத்து வங்காளத்தில் விதவைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தவர்கள், அவர்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று நம்பமாட்டார்கள். அவர்களுடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. கிராமத்துப் பெண்ணிடம் அவளுடைய சொந்த நலனைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தின் நலனைப் பற்றி அவள் பதில் சொல்லக்கூடும் என்று 1990-ல் சென் எழுதினார். அதை மேன்மை என்று கொண்டாடிவிட்டால், அவளுக்கு நடக்கும் அநியாயத்தைப் பார்க்கிற கண்ணாடியே உடைந்துபோகும் என்பது அவர் கவலை.

அதே சென் 1977-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பொருளாதாரத்தின் சுயநல மனிதனை ‘பகுத்தறிவுள்ள முட்டாள்’ என்று அழைத்தார். பிறர் துன்பம் என்னையும் துன்புறுத்துவதால் நான் உதவினால் அது பரிவு. ஹாப்ஸின் ஆறு பென்ஸ் அந்த ரகம், அதில் என் நலனும் கலந்திருக்கிறது. எனக்கு அதனால் ஒரு வேதனையும் இல்லாதபோதும், இது தவறு என்று தெரிவதால் நஷ்டப்பட்டு நடந்துகொண்டால் அது கடப்பாடு. இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் மனிதனைப் பற்றி எதுவும் புரியாது என்றார். இந்தப் பிரிவை உறுப்பு மாற்றுச் சட்டத்தின் மீது வைத்துப் பார்த்தால், அன்பு, பற்று என்று சட்டம் பெயர் சொல்லி ஏற்பது பரிவை மட்டுமே. கடப்பாட்டுக்கு ‘சிறப்புக் காரணம்’ என்ற மூலையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவருக்கு, அது சரியான காரியம் என்பதால் ஒரு சிறுநீரகம் தருகிறேன் என்று வந்து நிற்கிறவரிடம் பழைய போட்டோ எதுவும் இருக்காது. கமிட்டி அவரை நம்புவதைவிடச் சந்தேகிப்பதே சுலபம்.

2011 திருத்தம் இன்னொரு வாசலைத் திறந்தது. ஒரு கணவருக்கு பி பிரிவு ரத்தம், மனைவிக்கு ஏ. இன்னொரு ஊரில் கணவருக்கு ஏ, மனைவிக்கு பி. முதல் மனைவியின் சிறுநீரகம் இரண்டாம் கணவருக்குப் போகும், இரண்டாம் மனைவியுடையது முதல் கணவருக்கு. இந்தப் பரிமாற்றத்தைச் சட்டம் இப்போது அனுமதிக்கிறது. காசு இல்லை, ஆனால் அப்பட்டமான பண்டமாற்று. என் கணவருக்குக் கிடைத்தால்தான் உங்கள் கணவருக்குத் தருவேன் என்பதே ஒப்பந்தம். சுயநலமா, அன்பா? பெறுகிற அந்நியர் மீது கொடுக்கிற பெண்ணுக்கு எந்தப் பற்றும் இல்லை. இருந்தும் நான்கு பேரும் பிழைக்கிறார்கள், யாரும் ஏமாறவில்லை, யாரும் கடனாளி ஆகவில்லை. வில்லிவாக்கத்தில் தோற்ற சுயநலக் கணக்கு இங்கே மிகச் சரியாக வருகிறது. காரணம், பேரத்தின் இரு பக்கமும் ஒரே பொருள், ஒரே பயம், ஒரே தேவை.

இந்தப் பரிமாற்றத்தில் நான்கு அறுவைச் சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் செய்வது வழக்கம். ஏனென்றால் முதல் கணவருக்குச் சிறுநீரகம் கிடைத்த மறுநாள் அவருடைய மனைவி மனம் மாறினால் எந்தக் கோர்ட்டும் அவளைக் கட்டிப் போட்டு எடுக்க முடியாது. கட்டாயப்படுத்தும் சக்தி இல்லாத ஒப்பந்தம் வெறும் பேச்சு என்ற ஹாப்ஸின் எச்சரிக்கைக்கு டாக்டர்கள் கண்டுபிடித்த பதில், நான்கு ஆபரேஷன்களும் ஒன்றாகத் தொடங்குவது.

குடும்பத்துக்குள் நடக்கும் தானத்துக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இல்லை என்பதும் விதிகளை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுதந்திரமான சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று 2014 விதிகளில் தனியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த வேறொருவர் மாமியாராகவும் இருக்கலாம் என்பது வேறு விஷயம். 2025-ல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு மாநிலங்களுக்கு அனுப்பிய ஆலோசனைகளில், இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புகளுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கும், ஏற்கெனவே உறுப்பு கொடுத்து இறந்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. இரண்டாவது ஆலோசனை, கொடுத்த குடும்பத்துக்குத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்வது. இஸ்ரேல் 2008-லேயே இதைச் சட்டமாக்கி, இறந்த பின் உறுப்பு தருவதாகப் பதிவு செய்தவர்களுக்கு வரிசையில் முன் இடம் கொடுத்தது. அன்பை மட்டும் நம்பி வரிசை நகரவில்லை என்று அங்கே யாரும் வெட்கப்படவில்லை.

அறைக்கு வெளியே இன்னொரு நடைமுறை இருக்கிறது. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. உலகெங்கும் மாற்றுச் சிகிச்சைக் குழுக்கள் அறிந்தது. கொடுக்கப் போகிறவரை டாக்டர் தனியாக அழைத்துப் பேசுவார். புருஷன், மாமனார், அண்ணன் எல்லோரும் வெளியே. உங்களுக்கு உண்மையிலேயே இஷ்டமா என்று கேட்பார். இல்லை என்றோ, பயமாக இருக்கிறது என்றோ அவள் சொல்லிவிட்டால், அந்தப் பதில் கதவைத் தாண்டாது. டாக்டர் வெளியே வந்து குடும்பத்திடம், பரிசோதனையில் இவர் உறுப்பு கொடுக்கத் தகுதியானவர் அல்ல என்று தெரிகிறது, வேறு வழி பார்க்கலாம் என்பார். யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கவலைப்பட்டபடி படியிறங்குவாள்.